ராணிக்கு 70, மாமாவுக்கு 76

2022 யூன் 2, வியாழக்கிழமை. அண்டைக்கு விடிய நாலரைக்கே கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கோண்டாவிலில் மண்ணெண்ணெய் வரிசைக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் கயிற்றில் கோர்த்த கான்கள் ஒரு நாப்பது, அம்பது இருக்கும். ஆட்கள் மதில் நிழலில் குந்தியிருந்தார்கள், கான்கள்தான் வெயிலில் வரிசை பிடித்தன. மத்தியானம் ஒரு பவுசர் வந்தது. பின்னேரம் அஞ்சரை மணிக்கு எனக்கு முன்னால் ஏழு பேர் நிற்கும்போது "முடிஞ்சுது" என்றார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் லண்டன் மாமா வட்ஸ்அப்பில் வீடியோ கோல் எடுத்தார்.

முறைக்கு அவர் எனக்குத் தாத்தா. அம்மம்மாவின் கடைசித் தம்பி. அம்மா 'மாமா' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு நானும் மாமா என்றே பழகிவிட்டேன். திருத்துகிற வயசும் தாண்டிப் போச்சு. திரையில் முதலில் அவருடைய மூக்கு தெரிந்தது, பிறகு ஒரு மரம், பிறகு வானம். சுற்றிவர ஆயிரக்கணக்கில் சனம், கையில் சின்னச் சின்ன யூனியன் ஜாக் கொடி.

"பிள்ளை, மேல பார், மேல பார்! 70 எண்டு எழுதிக்கொண்டு போறாங்கள்!"

உண்மையிலேயே போர் விமானங்கள் வானத்தில் 70 என்ற இலக்கமாகப் பறந்துகொண்டிருந்தன. எலிசபெத் மகாராணி பதவிக்கு வந்து 70 வருசம், பிளாட்டினம் யூபிலி. வியாழன் தொடங்கி ஞாயிறு மட்டும் நாலு நாள் நாட்டுக்கே லீவு. மாமாவின் முகம் முழுக்கச் சிரிப்பு. நான் வெறும் கானோட நிற்கிறேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"உங்களுக்கென்ன மாமா. ராணியின்ர கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு அண்ணாந்து பாத்துக்கொண்டிருங்கோ. எங்களுக்கு இஞ்ச அடுப்பெரிக்க வழியில்லை."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி பிள்ளை, வை" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த விமான வீடியோவை அம்மாவின் போனுக்கும் அனுப்பியிருந்தார். அம்மா அதைப் போட்டதும், விறாந்தையில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த அம்மம்மா கையை நிறுத்தி வானத்தைப் பார்த்தா. பிறகு, "உந்தச் சத்தத்தை நிப்பாட்டு" என்றா. குண்டு போட்ட காலத்தில் அம்மம்மாவுக்கு அந்தச் சத்தம் எப்படிப் பழகியது என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. இதை வாசிக்கிற உங்களில் கனபேர் வீட்டிலும் ஒரு அம்மம்மா இருப்பா.

அதற்குப் பிறகு மூன்று நாள் மாமா எடுக்கவில்லை.

இது பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் பெரிய விஷயம்தான். 2020 ஏப்ரலில் மாமி கொரோனாவில் போன பிறகு மாமா ஒரு நாளும் தவறாமல் எடுப்பார். இங்கே இரவு எட்டு மணி, அங்கே கோடை காலத்தில் மூன்றரை. அம்மம்மாவும் அவரும் கதைப்பதைக் கேட்டால் ஒரு விஷயமும் இராது. "அக்கா, என்ன கறி?" "கத்தரிக்காய்." "பாலோ, பிரட்டலோ?" "பால்." அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் அம்மம்மா எட்டு மணிக்குப் போனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தா. கரண்ட் இல்லாத நேரம்தானே, கவரேஜ் இல்லையாக்கும் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டா. நான் அவவுக்கு உண்மையைச் சொல்லவில்லை.

மாமா நோர்த் பின்ச்லியில் இருக்கிறார். 1968 இல் இங்கே தபால் திணைக்களத்தில் கிளார்க்காகச் சேர்ந்தவர். 83 கலவரம் நடக்கும்போது வெள்ளவத்தையில் வாடகை அறை. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர்களில் அவரும் ஒருவர். 86 இல் லண்டன். முதலில் பெற்றோல் ஸ்டேசனில் இரவு வேலை, பிறகு இருபது வருசத்துக்குக் கிட்ட அங்கேயும் கடிதம் பிரிக்கிற வேலை. "கையெழுத்து மட்டும்தான் மாறினது, கடிதம் கடிதம்தான்" என்பார். 2011 இல் ஓய்வு. ஒரே மகள் லெஸ்டரில், அவவுக்கு வேலையும் இரண்டு பிள்ளைகளும்.

ஓய்வு பெற்றவர்களின் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நான் முந்தி யோசித்ததே இல்லை. மாமாவின் நாள் எனக்கு அரைகுறையாகத் தெரியும், அவர் அனுப்புகிற படங்களால். விடிய அஞ்சரைக்கு எழும்புவார், எழும்பத் தேவையில்லாவிட்டாலும். சுவாமிப் படத்துக்கு விளக்கு, தேத்தண்ணி, பிபிசி. அதற்குப் பிறகு ஒன்பது மணியைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஏனென்றால் லண்டனில் வயதானவர்களுக்கு பிரீடம் பாஸ் என்று ஒரு அட்டை குடுக்கிறார்கள், பஸ், ரியூப் எல்லாம் இலவசம். முந்தி அது பஸ்ஸில் 24 மணித்தியாலமும் செல்லும். கொரோனா வந்த 2020 யூனில் இருந்து வேலை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். ஆகவே ஒன்பது அடிக்க மாமா தரிப்பில் நிற்பார். 134 ஆம் இலக்க பஸ். மேல் தட்டில் முன் சீற். மஸ்வெல் ஹில், ஹைகேற், ஆர்ச்வே என்று நகரத்துக்குள்ளே போகும். நூலகத்தில் இறங்கினால் பேப்பர் பார்ப்பார். ஆர்ச்வே ரோட்டில் இறங்கினால் முருகன் கோயில். சில நாள் கடைசித் தரிப்பு வரைக்கும் போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவார். அந்த வருசம் பங்குனி, சித்திரையில் பஸ் கண்ணாடிக்குள்ளால் எடுத்த படங்கள் எத்தனை வந்தது! பாலம், மழை, குளிருக்குத் தொப்பி போட்ட மாமா. நாங்கள் "மாமா ராசா மாதிரி ஊர் சுத்துறார்" என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தோம்.

யூபிலி லீவில் அவருக்கு நடந்ததைப் பிறகுதான் அறிந்தேன். எல்லோருக்கும் லீவு என்றால் ஓய்வு பெற்றவருக்கு என்ன? வியாழனும் வெள்ளியும் நூலகம் பூட்டு. வைத்தியரிடம் போகேலாது. தபால் இல்லை. மாமா இப்போதும் தபால்காரன் வருகிற நேரத்துக்கு ஜன்னலடியில் நிற்பார், பழைய தொழில் புத்தி. அயலில் உள்ளவர்கள் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்கள். ஒரேயொரு நன்மை, லீவு நாளில் பாஸுக்கு அந்த 9 மணிக் கட்டுப்பாடு இல்லை. அதனால்தான் வியாழன் காலை ஏழு மணிக்கே பஸ் ஏறி ராணியைப் பார்க்கப் போயிருக்கிறார். சனத்தைப் பார்க்கப் போனார் என்று சொல்வதுதான் சரி. மாளிகைக்குக் கிட்டவும் போக முடியாமல் ஒரு மரத்தடியில் மூன்று மணித்தியாலம் நின்று, விமானங்கள் வந்ததும் எனக்கு எடுத்திருக்கிறார். காட்ட வேற ஆள் இல்லை.

ஞாயிறு மத்தியானம் லெஸ்டரில் இருந்து அம்மாவின் மச்சாள் எடுத்தா. அவவுக்கு எங்கள் சண்டை தெரியாது. ஸ்பீக்கரில் போட்டு அம்மா கதைத்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"அப்பாவை இஞ்ச வந்து இரும் எண்டா மாட்டாராம் மச்சாள். ஏப்ரலில நான் போய்ப் பாக்கேக்க வீட்டில ஹீற்றர் இல்லை. நிப்பாட்டி வச்சிருக்கிறார். ஏன் எண்டா, பகல் முழுக்க பஸ்ஸில இருக்கிறன், பஸ்ஸுக்குள்ள நல்ல சூடு, பிறகு என்னத்துக்கு எண்டுறார்."

எனக்குத் துருவல் கையோடு நின்றுபோனது.

அந்த 2022 ஏப்ரலில்தான் பிரித்தானியாவில் வீடுகளுக்கான எரிவாயு, மின்சார விலை உச்சவரம்பு 54 சதவீதம் கூடியது. ஒரு சராசரி வீட்டுக்கு வருசத்துக்கு 1,971 பவுண். அதே மாசம் அரச ஓய்வூதியம் கூடியது 3.1 சதவீதம். (எங்கட நாட்டில் அந்த யூன் மாதப் பணவீக்கமும் 54 சதவீதத்துக்குச் சற்று மேலே. இரண்டும் வேறு வேறு கணக்கு. ஆனாலும் அந்த இலக்கத்தைக் கண்டபோது ஒரு மாதிரி இருந்தது.) யூபிலிக்கு ஒரு மாதம் முதல், மே 3 ஆம் திகதி, ஒரு ரிவி நேர்காணலில் பிரதமர் பொரிஸ் ஜோன்சனிடம் 77 வயதான ஒரு அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கரண்ட் காசுக்குப் பயந்து, ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, பகலில் சூட்டுக்காகப் பஸ்ஸிலேயே சுற்றித் திரிகிறா என்று. அதற்கு ஜோன்சன் சொன்னது, அந்த 24 மணித்தியால பஸ் பாஸைக் கொண்டுவந்ததே தான்தான் என்று. நான் அந்தத் துண்டு வீடியோவை அன்று பின்னேரம் மூன்று தரம் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு மாமாவைவிட ஒரு வயது கூட.

நாங்கள் பகிடி விட்ட அந்த பஸ் படங்களை மேலே தள்ளித் தள்ளித் தேடினேன். எல்லாம் மாசி, பங்குனி, சித்திரை. எல்லாவற்றிலும் தொப்பி.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. மாசா மாசம் மாமா 60 பவுண் அனுப்புவார். ரூபாய் விழுந்த பிறகு ஒரு பவுண் 450 ரூபாய்க்குக் கிட்ட, ஆக 27,000 ரூபாய். அம்மம்மாவின் பிறஷர் குளிசை, என்னுடைய கம்பஸ் போக்குவரத்து, போட்டோக்கொப்பி எல்லாம் அதற்குள்ளேதான். ரூபாய் விழ விழ அந்தக் காசு எங்களுக்குக் கூடிக்கொண்டு போனது, நாங்கள் உள்ளுக்குள் சந்தோசப்பட்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே அது அதே 60 பவுண். ஹீற்றரை நிப்பாட்டிச் சேர்த்த 60 பவுண்.

வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றி எங்களிடம் இரண்டே இரண்டு கதைதான் இருக்கிறது. ஒன்று 'அவைக்கென்ன', மற்றது 'பாவம், பனிக்குள்ள கஸ்ரப்படுதுகள்'. மாமா இரண்டுக்குள்ளும் அடங்காத ஆள். கஸ்ரத்தை மறைத்தது மட்டுமில்லை, அந்த 70 விமானத்தைப் பார்த்து அவர் பட்ட சந்தோசமும் பொய்யில்லை. இதுதான் எனக்குச் சீரணிக்கக் கஸ்ரமாக இருந்தது. எங்கள் வகுப்பில் காலனியம் பற்றி எவ்வளவு படிக்கிறோம். ராணிக்குக் கொடி ஆட்டுகிற ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவனை ஒரே வசனத்தில் கிழித்துப் போட என்னால் முடியும்.

பிறகொரு நாள், அரசியலமைப்புப் பற்றி ஒரு ஒப்படை எழுதும்போது அவரிடமே கேட்டேன். உங்களுக்கு ஏன் மாமா ராணியில இவ்வளவு விருப்பம்?

அவர் ஒரு கணக்குச் சொன்னார். 1968 இல் அவர் தபால் திணைக்களத்தில் சேர்ந்தபோது இது இலங்கைக் குடியரசு இல்லை, சிலோன். 1972 மே 22 வரைக்கும் எலிசபெத்தான் இந்த நாட்டுக்கும் ராணி. ஆகவே முதல் நாலு வருசம் அவர் வேலை செய்தது ராணியின் அரசாங்கத்துக்கு. பிறகு குடியரசு வந்தது. தமிழர்கள் கேட்ட ஒன்றும் அந்த யாப்பில் இல்லை. 1981 மே 31 இரவு எங்கள் நூலகம் எரிந்தது, அதே வருசம் ஒக்ரோபரில் சர்வசன வாக்குரிமையின் 50 ஆவது ஆண்டு விழாவுக்கு ராணி கொழும்புக்கு வந்து போனா. 83 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம். அரச உத்தியோகத்தர்கள் தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்யவேண்டும். வெள்ளவத்தை அறையில் இருந்த பெட்டி, படுக்கை எல்லாம் எரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மாமா கையெழுத்து வைத்தார்.

"வைக்காட்டி வேலை இல்லை. அக்காவுக்கு ரெண்டு பிள்ளையள். கை நடுங்கினது எனக்கு இப்பவும் ஞாபகம்."

2005 இல் லண்டனில் ஒரு நகர மண்டபத்தில் குடியுரிமை விழா. சுவரில் ராணி படம். ராணிக்கும் அவவின் வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம்.

"முதல் முதல் ஆரிட்ட வேலைக்குச் சேர்ந்தனோ, அதே மனிசிட்டத் திரும்பிப் போய்ச் சேர்ந்தன். இடையில 33 வருசம். அண்டைக்குக் கை நடுங்கேல்லைப் பிள்ளை, அவ்வளவுதான். விருப்பம் கிருப்பம் எண்டு ஒண்டுமில்லை."

பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்ர மாமிக்குத்தான் விருப்பம்" என்றார்.

அந்தக் கதை எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். 2002 யூனில் பொன்விழாச் சுற்றுப்பயணத்தில் ராணி ஹைகேற் ஹில் முருகன் கோயிலுக்கு வந்தா. பிரித்தானியாவில் அவ போன முதல் இந்துக் கோயில் அதுதான். மாமி காஞ்சிபுரம் உடுத்து, விடிய வெள்ளனவே போய் வீதியோரம் நின்றிருக்கிறா. ராணி தன்னைப் பார்த்துத்தான் சிரித்தவ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. மாமா, "கமெராவைப் பாத்துச் சிரிச்சவ" என்பார். அதில் ஒவ்வொரு முறையும் சண்டை. 2022 யூன் 2 அன்று மரத்தடியில் மூன்று மணித்தியாலம் நின்றபோது அவர் யாருக்காக நின்றார் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் அது மூன்றாவது கோடை.

யூன் 5 ஞாயிறுக்கு வருகிறேன். மச்சாள் எடுத்துவிட்டு வைத்த பிறகு, மாமாவுக்கு எப்படி எடுப்பது என்று நான் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. 'சாப்பிட்டியளோ' என்று கேட்டால் அதுக்குள்ளே எல்லாம் அடக்கம். இரவு எட்டு மணிக்கு அவரே எடுத்தார். அம்மம்மா அழுத்தத் தெரியாமல் அழுத்தி இரண்டு தரம் கட் பண்ணி, மூன்றாம் தரம்தான் முகம் வந்தது.

அவர் நடுத்தெருவில் இருந்தார். தெருவை மறித்து நீட்டுக்கு மேசை, முக்கோணக் கொடி, மழைத் தூறல். அயலவர்கள் எல்லாரும் சாப்பாடு கொண்டுவந்து ஒன்றாகச் சாப்பிடுகிறார்களாம், அன்று நாடு முழுக்க அப்படித்தானாம். இரண்டு கிழமைக்கு முதல் கதவுக்குள்ளால் ஒரு கடதாசி போட்டிருக்கிறார்கள், ஆளுக்கொரு சாப்பாடு கொண்டுவரச் சொல்லி. மாமா உழுந்து வடை கொண்டுபோயிருக்கிறார். மாமி இருக்கும்வரை அடுப்படிப் பக்கம் போகாத மனுசன்.

"அக்கா, உழுந்து கனக்க ஊறிப்போச்சு. எண்ணெய் குடிச்சிட்டுது."

"எத்தினை மணித்தியாலம் போட்டனி?"

"இரவு முழுக்க."

"விசரா! ரெண்டு மணித்தியாலம் காணுமெல்லே."

"வெள்ளையள் சாப்பிட்டதுகள். பக்கத்து வீட்டு மனிசி ஏன் நடுவில ஓட்டை எண்டு கேட்டவ."

"என்ன சொன்னனி?"

"உள்ளுக்கு வேகிறதுக்கு எண்டன். பதினாறு வருசம் பக்கத்தில இருக்கிறா, இண்டைக்குத்தான் பேர் கேட்டு வச்சிருக்கிறன்."

பிறகு போன் என்னிடம் வந்தது. நான் "சாப்பிட்டியளோ மாமா" என்றேன். "ஓம் பிள்ளை. மண்ணெண்ணெய் கிடைச்சதோ?" என்றார். சனிக்கிழமை மூன்று லீற்றர் கிடைத்தது என்றேன். ஹீற்றர் கதையை நான் எடுக்கவில்லை. 60 பவுணைக் குறையுங்கோ என்று அம்மா பிறகு சொல்லிப் பார்த்தா. அந்த மாசம் 70 வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, யூபிலிக்கு என்றார். இதுக்கு மேலே அந்த ஆளோடு என்ன கதைக்கிறது?

செப்ரெம்பர் 8 ஆம் திகதி ராணி இறந்தா. மாமா சாதாரணமாகத்தான் கதைத்தார். ஒக்ரோபர் கடைசியில் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. தபால்காரர் சைக்கிளில் நின்றபடியே, "என்ன தங்கச்சி, இது கடிதமோ முத்திரை அல்பமோ" என்று சிரித்தார். உறையில் விலாசம் எழுத மட்டும் இடம் விட்டு, மிச்சம் முழுக்க ராணியின் தலை. எண்ணினேன், 23. பார்கோட் இல்லாத பழைய முத்திரைகள் 2023 ஜனவரி முடிவோடு செல்லாது என்று அங்கே அறிவித்திருந்தார்கள். குடுத்து மாற்றலாம். மாமா மாற்றவில்லை. மாமி வாங்கி லாச்சிக்குள் வைத்திருந்த முத்திரைகளாம். அக்காவுக்குக் கடிதம் எழுத என்று வாங்கியவை, பிறகு வட்ஸ்அப் வந்து மிஞ்சிப் போனவை.

உலகத்திலேயே நாட்டின் பெயர் போடாமல் முத்திரை அடிக்கிற நாடு பிரித்தானியா மட்டும்தான், ராணியின் தலை இருந்தால் போதும் என்று மாமா எனக்குச் சின்ன வயசில் சொல்லியிருக்கிறார்.

உள்ளே ஒரே ஒரு தாள். அம்மம்மாவுக்கு எழுதியது, நான்தான் வாசித்துக் காட்டினேன். சுகம், சுகமறிய ஆவல், மாசியில் வர ரிக்கெற் பார்க்கிறேன், விலை கூட, பார்ப்போம் என்று இருந்தது. அம்மம்மா உறையை வாங்கி, ஒரு கோப்பைத் தண்ணியில் ஊறப் போட்டா. பக்கத்து வீட்டுப் பெடியன் முத்திரை சேர்க்கிறவன். ஒவ்வொரு தலையாகக் கழண்டு மிதக்க, எடுத்துப் பழைய வீரகேசரியில் காயப் போட்டுக்கொண்டே கேட்டா:

"மாசி எண்டா எந்த மாசி எண்டு எழுதியிருக்கிறானோ?"

நான் தாளை இன்னொருக்கால் வாசித்தேன். எழுதவில்லை.